டாஸ்மன் கடலின் இரு கரைகள்: மார்க் ட்வைனும் எமது பயணக் கட்டுரைகளும்

அவுஸ்திரேலியாவில் வெளிவரும் தமிழ் இதழ்களையும் ஆண்டு மலர்களையும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வகைக் கட்டுரை நன்கு பரிச்சயமானது. விடுமுறையில் குடும்பத்துடன் நியூசிலாந்து போய்வந்த ஒருவர் எழுதுவது. ஒக்லண்டில் இறங்குவார்; வாடகைக்குக் கார் எடுப்பார்; ரொட்டொருவாவில் கொதிக்கும் சேற்றையும் மாவோரிகளின் ஹாக்கா நடனத்தையும் பார்ப்பார்; குயின்ஸ்டவுனில் குளிரில் நடுங்குவார். வீடு திரும்பியதும் இரு நாடுகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் இடுவார். அங்கே பச்சை, இங்கே காய்ந்த மஞ்சள். அங்கே பாம்பு இல்லை, இங்கே கொல்லைப்புறத்திலேயே உண்டு. அங்கே சனம் குறைவு, அவசரமும் குறைவு. "அங்கே பழங்குடி மக்கள் மதிக்கப்படுகிறார்கள், இங்கே அப்படி இல்லை" என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கும். அந்த வரிக்குப் பிறகு கட்டுரை விமான நிலையத்துக்குப் போய்விடும்.

இவற்றில் எதுவும் பொய் அல்ல. ஆனால் அந்தக் கடைசி வரி ஏன் ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அயல்நாடுகள் இரண்டை ஒப்பிடும் பயணி வேறுபாடுகளைக் காண்கிறார். அந்த வேறுபாடுகள் எப்படி உண்டாயின என்று கேட்பதில்லை. மலையும் மழையும் போல அவையும் இயற்கையாகவே அமைந்தவை என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடுகிறது. எமது பயண எழுத்தின் இந்தக் குறையைப் பேசுவதற்கு எம்மவர் எழுதிய நூலை விட, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓர் அமெரிக்க நூல் எனக்கு வசதியாக இருக்கிறது. மார்க் ட்வைன் எழுதி 1897இல் வெளிவந்த ‘பூமத்திய ரேகையைத் தொடர்ந்து’ என்ற பயண நூல் அது. ஒரே பயணத்தில் சிட்னி, மெல்பேர்ண், நியூசிலாந்து, கொழும்பு, இந்தியா ஆகியவற்றைத் தொட்டுச் சென்ற நூல் என்பதால், இங்கு வாழும் ஈழத் தமிழர்களான எமக்கு அதில் ஒரு தனி உரிமையும் உண்டு.

ட்வைன் சுற்றுலாவுக்கு வந்தவரல்லர். 1894இல் கடனில் மூழ்கி வங்குரோத்தான அவர், உலகம் முழுவதும் மேடையேறிப் பேசிக் கடனை அடைப்பதற்காகக் கிளம்பினார். 1895 செப்டெம்பரில் சிட்னியில் கரையிறங்கினார். அந்த வேளையில் அவுஸ்திரேலியா என்ற ஒரே நாடு இல்லை. தனித்தனிக் குடியேற்றங்களே இருந்தன. சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் புகையிரதத்தில் போனவரை எல்லையிலுள்ள அல்பெரியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றினார்கள். நியூ சவுத் வேல்ஸின் தண்டவாள அகலம் 1435 மில்லிமீற்றர். விக்டோரியாவினது 1600 மில்லிமீற்றர். பயணிகளை நித்திரையிலிருந்து எழுப்பி வண்டி மாற்றுகின்ற இந்த ஏற்பாட்டை எந்த மூளை கண்டுபிடித்திருக்கும் என்று ட்வைன் வியந்து எழுதுகிறார். அல்பெரியில் இறங்கத் தேவையில்லாத நேர்வழி 1962இல்தான் வந்தது. அயலவர் இருவருக்கிடையிலுள்ள வேறுபாடு மண்ணிலிருந்து முளைத்ததல்ல, அலுவலகங்களில் தீர்மானிக்கப்பட்டது என்பதை இந்த இடத்தில் அவர் சரியாகப் பிடித்துவிடுகிறார். தண்டவாளம் பற்றி அவருக்கிருந்த இந்தத் தெளிவு மனிதர் பற்றி எழுதும்போதும் இருந்ததா என்பதே என் கேள்வி.

அவுஸ்திரேலியாவில் தான் ஓர் ஆதிக்குடி மனிதரைக்கூடக் காணவில்லை என்று ட்வைன் எழுதுகிறார். கங்காருவையும் ஈமுவையும் காணாத கதையைச் சொல்லிக்கொண்டு போகையில், சுதேசி ஒருவரையும் காணவில்லை என்று சேர்த்துவிடுகிறார். உடனே திருத்திக்கொள்கிறார்: அந்த நாட்டில் ‘சுதேசி’ என்ற சொல் அங்கே பிறந்த வெள்ளையரைத்தான் குறிக்குமாம். சொல்லையும் குடியேறியவர் எடுத்துக்கொண்டார் என்பதை இரண்டு வரியில் உணர்த்திவிடுகிறார். எல்லா விநோதங்களும் உள்ள நூதனசாலைகளில் இந்த மக்கள் மட்டும் இல்லையே என்றும், தன் சொந்த நாட்டு நூதனசாலைகளிலும் செவ்விந்தியர் இல்லை என்பது அன்றுவரை தனக்கு உறைக்கவில்லையே என்றும் எழுதுகிறார். கூர்மையான எள்ளல். இருந்தும், எள்ளலுக்கு அப்பால் அவர் ஓர் அடியும் வைக்கவில்லை.

வைத்திருந்தால் எங்கே போயிருக்கலாம்? மெல்பேர்ணிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், ஹீல்ஸ்வில் அருகே கொரண்டர்க் என்ற ஆதிக்குடிக் குடியிருப்பு அப்போது இருந்தது. 1863இல் தொடங்கியது. அந்த மக்கள் உழைத்து, நிலத்தைப் பண்படுத்தி, தம் உரிமைக்காக மனுக்கள் எழுதி, பாராளுமன்றத்துக்கு நடந்துபோய் வாதாடிய இடம். 1886இல் வந்த ஒரு சட்டம் கலப்பினத்தவர் என்று வகுக்கப்பட்டோரை அங்கிருந்து வெளியேற்றி அந்தச் சமூகத்தின் முதுகெலும்பை முறித்தது. ட்வைன் மெல்பேர்ணில் மேடையேறிய நாட்களில் அதன் தலைவரான வில்லியம் பராக் அங்கே உயிருடன் இருந்தார். 1835இல் ஜோன் பற்மன் வுருஞ்சேரி மூத்தோரிடம் ‘உடன்படிக்கை’ செய்துகொண்டபோது சிறுவனாகத் தானும் அங்கிருந்ததாகச் சொன்னவர் அவர். இறந்தது 1903இல்.

இதை நான் ட்வைன்மீது மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. கொரண்டர்க் நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்றைய ஹீல்ஸ்வில் விலங்குகள் சரணாலயம் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் வந்தால் மெல்பேர்ண் தமிழர் கோவாலாவையும் பிளற்றிப்பஸையும் காட்டக் கூட்டிச்செல்லும் இடம் அது. ஆட்களைக் காணவில்லை என்ற ட்வைனின் வாக்கியத்தை நாம் எழுதாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

நியூசிலாந்துக்குப் போனதும் ட்வைனின் நடை மாறுகிறது. அங்கே மாவோரிகளைக் காண்கிறார். அவர்களின் செதுக்கு வேலையைப் புகழ்கிறார். அங்கே பெண்கள் 1893இலேயே வாக்குரிமை பெற்றதை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். இரு நாடுகளையும் ஒப்பிடும் அவருடைய மையமான வாக்கியமும் இங்கேதான் வருகிறது. அவுஸ்திரேலியரையும் தஸ்மேனியரையும் அழித்ததுபோல மாவோரிகளைப் பிரித்தானியர் அழிக்காமல், அடக்கியதோடு நிறுத்திக்கொண்டது மாவோரிகளுக்குக் கிடைத்த பாராட்டு என்கிறார். கசப்பான நகைச்சுவைதான். ஆயினும் அந்த நகைச்சுவைக்குள் ஒரு விளக்கம் மறைந்திருக்கிறது: மாவோரி வலியவர், ஆகவே தப்பினார், மற்றவர் மெலியவர், ஆகவே போனார். வேறுபாட்டின் காரணம் ஆளப்பட்டவரின் இயல்பில் இருக்கிறதாம். எமது கட்டுரைகளின் அந்தக் கடைசி வரிக்கும் இதுவே மூலம்.

1835ஆம் ஆண்டை எடுத்துப் பார்த்தால் இந்த விளக்கம் போதாது என்பது தெரியும். அந்த ஆண்டு யூனில் பற்மன், போர்வையும் கத்தியும் கண்ணாடியும் கொடுத்து இன்றைய மெல்பேர்ண் நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அந்தக் கொள்வனவில் மோசடி இருந்தது. மூத்தோர் அதை நில விற்பனையாக விளங்கியிருக்கவும் முடியாது. ஆனால் சிட்னியிலிருந்த தேசாதிபதி ரிச்சர்ட் பேர்க் அதை ரத்துச் செய்தது மோசடி என்பதற்காக அல்ல. நிலம் முடிக்குரியது, விற்பதற்கு அந்த மக்களுக்கு உரிமையே இல்லை என்பதற்காக. ஓகஸ்டில் அந்தப் பிரகடனம் வந்தது. ஒக்ரோபரில் நியூசிலாந்தின் வடக்குத் தலைவர்கள் தம்மைச் சுதந்திர நாடாக அறிவிக்கும் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். பிரித்தானியா அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்திரத்தை ஒழுங்கு செய்த ஜேம்ஸ் பஸ்பி, 1833இல் சிட்னியிலிருந்து அனுப்பப்பட்ட பிரித்தானியப் பிரதிநிதி. பேர்க்கின் மேற்பார்வையில் இருந்தவர். 1840இல் வைட்டாங்கி உடன்படிக்கை செய்ய வந்த ஹொப்சனும் சிட்னி வழியாகவே போனார். 1841 வரை நியூசிலாந்து நியூ சவுத் வேல்ஸின் பகுதியாகவே ஆளப்பட்டது.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், ஒரே தேசாதிபதியின் மேசையில், ஒரு கரையின் மக்களுக்கு நிலமே இல்லை என்றும் மறுகரையின் தலைவர்களுக்கு ஒரு நாடே உண்டு என்றும் முடிவாகியது. மாவோரிகளிடம் துப்பாக்கியும் அரண் செய்த ஊர்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் நாம் விடுமுறையில் கண்டு திரும்பும் வேறுபாட்டின் பெரும்பகுதி சிட்னியில் செய்யப்பட்ட பொருள்.

ட்வைன் மிகவும் கோபப்படும் இடம் வங்கநூயி என்ற ஊர். மொற்றுவா தீவில் 1864 மே 14இல் இறந்தவர்களுக்கான நினைவுக்கல் அங்கே இருக்கிறது. சட்டத்தையும் ஒழுங்கையும் காக்க, மதவெறிக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் எதிராக மடிந்தோர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். தன் நாட்டுக்காகப் போராடியவனை வெறியன் என்று கல்லில் வெட்டுவதா என்று ட்வைன் சீறுகிறார். தேசப்பற்றை என்ன பெயரிட்டு அழைத்தாலும் அது தேசப்பற்றுத்தான் என்கிறார். ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லோடு இத்தனை காலம் வாழ்ந்த எமக்கு இந்தப் பக்கங்கள் உடனே பிடித்துப்போகும். அடுத்து, பிரித்தானியர் பக்கம் நின்று தம் இனத்துக்கு எதிராகப் போரிட்டு இறந்த மாவோரிகளுக்கான இன்னொரு நினைவுக்கல்லைக் காட்டி, துரோகத்துக்கு வைத்த கல்லை உடைத்துவிட வேண்டும் என்கிறார்.

இங்கேதான் ட்வைன் சறுக்குகிறார். மொற்றுவாக் கல் வெள்ளையருக்கு எழுப்பியது என்று அவர் எண்ணினார். அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ எல்லாருமே மாவோரிகள். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து புதிய மார்க்கத்துடன் இறங்கிவந்த மாவோரிகளை ஆற்றின் கீழ்ப்பகுதி மாவோரிகள் தடுத்து நின்ற சண்டை அது. கீழ்ப்பகுதியினருக்கு ஆற்றில் தம் அதிகாரத்தைக் காப்பதும் ஊரைக் காப்பதும் நோக்கமாக இருந்தன. முடிக்கு அதனால் இலாபம் கிடைத்தது. ‘வெறியர்’ என்ற அரசின் சொல்லை மறுத்த பயணி, ‘துரோகி’ என்ற சொல்லைத் தயங்காமல் கையிலெடுத்தார். இரண்டும் உள்ளூர் மனிதரின் நியாயத்தைக் கேட்காமல் ஒட்டும் பெயர்கள். எமது அண்மைக்கால வரலாற்றில் இந்த இரண்டாவது சொல் எத்தனை பேரின் உயிரைக் குடித்தது என்பதை இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கற்கள் நிற்கும் பூங்காவை 1995இல் மாவோரிகள் 79 நாட்கள் தம் வசம் வைத்திருந்தார்கள். ட்வைன் போய்ச் சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊரில் வாதம் முடிந்திருக்கவில்லை.

1896 சனவரியில் ட்வைன் கொழும்பில் இறங்குகிறார். எம்மூருக்கு வந்துவிட்டார் என்ற ஆவலில் அந்தப் பக்கங்களுக்குப் போனால் கிடைப்பது நிறங்கள். தெருவெங்கும் பட்டும் பருத்தியும் மினுங்குகின்றன. மிசன் பாடசாலையிலிருந்து ஐரோப்பிய உடுப்பில் வரிசையாக வரும் சிறுமிகளைக் கண்டு மனம் நோகிறார். பிறகு தன் உடுப்பைப் பார்த்து, தன்னோடு தானே தெருவில் நடக்க வெட்கப்படுகிறார். சிரிக்கவும் வைக்கிறார், காலனித்துவத்தின் அசிங்கத்தையும் தொடுகிறார். ஆனால் அந்த வேளையில் மலையகத்தில் இலட்சக்கணக்கான தமிழர் தேயிலைக் காடுகளில் நின்றார்கள். அவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டையே பறித்தது. கொழும்பில் ஓரிரு நாட்கள் நின்றவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயம். ரொட்டொருவாவில் ஓரிரு நாட்கள் நின்றவருக்கு மாவோரிகளைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியும் அப்போது நியாயமாகும். எம்மூரில் அவர் நிறத்தை மட்டும் பார்த்தபோது எமக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் எமது ஹாக்காப் புகைப்படங்கள் அங்கே இருப்பவருக்கும் இருக்கும்.

ட்வைனின் நூல் வெளிவந்து ஐந்து ஆண்டுகளின் பின், ஒரு சட்டவாசகம் இந்த மூன்று மக்களையும் ஒன்றாகக் கட்டியது. 1902இன் பொதுநலவாய வாக்குரிமைச் சட்டம் வெள்ளைப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்ததற்காகப் புகழப்படுவது. அதே சட்டம், அவுஸ்திரேலியா, ஆசியா, ஆபிரிக்கா, பசுபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வீகக் குடிகளுக்கு வாக்கில்லை என்றது. நியூசிலாந்தை மட்டும் விலக்கியது. அதாவது சிட்னியில் வாழும் மாவோரி வாக்களிக்கலாம். அந்த மண்ணுக்குரிய கடிகல் மனிதரும் கப்பலில் வந்த இலங்கைத் தமிழரும் முடியாது. நியூசிலாந்து ஒருநாள் கூட்டாட்சியில் சேரும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் முகப்பு வாசகத்தில் நியூசிலாந்தின் பெயர் இன்றும் இருக்கிறது. ஆதிக்குடிகள் எல்லாருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1962இல்தான் வந்தது. இரு நாட்டு வேறுபாட்டை எழுதும் தமிழர், தாம் வெளியிலிருந்து பார்க்கும் நடுநிலைச் சாட்சி என்று எண்ணுவதற்கு இந்த வாசகம் இடம் கொடாது. அந்தப் பட்டியலில் நாமும் இருந்தோம், தவறான பக்கத்தில்.

இவ்வளவும் சொன்னதால் நியூசிலாந்தைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. வைட்டாங்கி உடன்படிக்கையின் ஆங்கில வடிவம் இறைமையைக் கொடுத்ததாகச் சொல்கிறது. 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் ஒப்பமிட்ட மாவோரி வடிவம் ஆளும் பொறுப்பைக் கொடுத்து, தலைமையுரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டதாகச் சொல்கிறது. இரு சொற்களின் இடைவெளிக்குள் 1860களின் போர்களும் நிலப் பறிப்பும் நடந்தன. 1877இல் ஒரு நீதிமன்றம் அந்த உடன்படிக்கை செல்லாக்காசு என்றது. 1881இல், ஆயுதம் ஏந்தாமல் எதிர்த்த பரிஹாக்கா ஊருக்குள் படை புகுந்தது. 1975இல் தீர்ப்பாயம் ஒன்று அமைந்து, 1985இல் 1840வரையான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்ற பிறகே செல்லாக்காசு மீண்டும் நாணயமானது. 2024இல் அந்த உடன்படிக்கையின் கோட்பாடுகளைச் சட்டத்தால் மாற்றி எழுத ஒரு மசோதா வந்தது; பல்லாயிரம் பேர் பாராளுமன்றத்துக்கு நடந்துபோனார்கள்; 2025 ஏப்ரலில் அது தோற்றது.

எழுதிய உடன்படிக்கையைக் கிழிப்பது எப்படி என்று எமக்குத் தெரியும். 1957இன் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1965இன் டட்லி-செல்வநாயகம் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1987இல் நியூசிலாந்து மாவோரி மொழியை அரச மொழியாக்கியது. அதே ஆண்டில் இலங்கையின் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. ஒரே ஆண்டின் இரு சட்டங்கள். அவற்றின் பின்கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய வாசகர்களும் எழுத்தாளர்களும் இந்தப் பகுதியில் எம்மவரைத் தவிர வேறு யார்? அந்தக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்பதே என் மனக்குறை.

அதற்குப் பதிலாக எழுதப்படுவது பெரும்பாலும் ‘தமிழ் மணி’. வெலிங்டனிலுள்ள தே பப்பா நூதனசாலையின் சேகரிப்பில் உள்ள உடைந்த வெண்கல மணியைப் பற்றி எம்மவர் எழுதாத நியூசிலாந்துக் கட்டுரை குறைவு. 1836 அளவில் மிசனரி வில்லியம் கொலென்சோ அதைக் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுக்குரிய மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. உடனே, தமிழன் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று முடிவு வந்துவிடும். மணி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த எழுத்து எதுவும் சொல்லவில்லை. சொல்வது ஒன்றுதான்: தமிழில் எழுதிய அந்தக் கப்பல்காரர் ஒரு முஸ்லிம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றிய ஒரு வரலாற்றைச் சுமப்பவர்கள், அந்த மணியின் முன் பெருமையோடு மட்டும் நின்று படம் பிடிக்க முடியுமா?

ஏ.கே. செட்டியார் ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய காலத்தில், போன இடத்தைச் சொல்வதே வாசகருக்குப் பெரிய சேவை. தன்னைப் பின்னுக்கு வைத்து, கண்டதைச் சுருக்கமாகச் சொல்லும் அவரது பண்பு இன்றைக்கும் பாடம். இப்போது இடங்களைக் கைத்தொலைபேசி காட்டிவிடுகிறது. பயண எழுத்துக்கு எஞ்சியிருக்கும் வேலை, கண்ட வேறுபாட்டின் பின்னால் போவது.

2017இல் வங்கநூயி ஆறு நியூசிலாந்தில் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் மெல்பேர்ணின் யாரா ஆற்றுக்கு விக்டோரியா ஒரு சட்டம் இயற்றி, அதற்கு வொய்வுருங் மொழியில் பெயரும் சூட்டி, உயிருள்ள ஒரு முழுமை என்று அதை ஏற்றது. ஆனால் ஆள் என்று சொல்லவில்லை. இரண்டுக்குமான தூரம் ஏன் வந்தது என்று தேடத் தொடங்கும் ஒருவர் பற்மனிடமும் பேர்க்கிடமும் பராக்கிடமும் போய்ச் சேருவார். 2023இல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ஆதிக்குடிகளின் குரலுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர் இல்லை என்றதையும், 2025இல் விக்டோரியா உடன்படிக்கைச் சட்டம் நிறைவேற்றியதையும் அதே வழியில் சந்திப்பார். அவருக்கு விமானச்சீட்டு அவசரமில்லை. முதலில் ஹீல்ஸ்விலுக்குப் போகலாம். சரணாலயத்துக்கு அருகே கொரண்டர்க் இடுகாட்டில் பராக்கின் கல்லறை இருக்கிறது. நியூசிலாந்துக் கட்டுரையின் முதல் பந்தியை அங்கிருந்தும் எழுதலாம்.